சைலன்சர் மாற்றியபின் வலது காலைக் கேளுங்கள்

மதுரை தல்லாகுளம் சிக்னலில் நின்றுகொண்டிருந்தேன். பின்னால் மொபெட்டில் வந்த பெரியவர் ஒருவர் என் தோளைத் தட்டி, "தம்பி, பிரேக்கில் கால் வைத்துக்கொண்டே ஓட்டுகிறீர்களா? கோரிப்பாளையத்திலிருந்து பார்க்கிறேன், பின்னால் விளக்கு அணையவே இல்லை" என்றார். குனிந்து பார்த்தேன். என் கால் ஃபுட்ரெஸ்ட்டில்தான் இருந்தது.

முந்தைய நாள் மாலைதான் வண்டிக்குப் புது சைலன்சர் மாட்டியிருந்தேன். அதன் குரலைத் திறந்த சாலையில் கேட்டுவிடும் ஆசையில் விடிந்ததும் அழகர்கோவில் சாலையைப் பிடித்துவிட்டேன். பெரியவர் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு, பல்பில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டு கிளம்பினேன். அப்பன்திருப்பதியை நெருங்கும்போது வண்டி மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆக்சிலரேட்டரை எவ்வளவு முறுக்கினாலும் யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போல் இருந்தது. கருகிய வாடை வேறு. மரத்தடியில் நிறுத்தி, கையில் இருந்த பாட்டில் தண்ணீரைப் பின்சக்கர டிரம்மில் கொஞ்சம் தெளித்தேன். தோசைக்கல்லில் தெளித்ததுபோல் சுர்ரென்றது.

மாட்டிக் கொடுத்த இடத்தில் நடந்தது இதுதான். புதுக் குழாய் பழையதைவிடப் பருமனானது. பிரேக் பெடலுக்கு நேர் கீழே ஓடியது. மிதித்தால் பெடல் பாதி வழியிலேயே குழாயில் இடித்து நின்றுவிட்டது, பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. பெடலை உயர்த்தியிருக்க வேண்டும். அதற்குப் பதில், பெடலையும் பின்சக்கர பிரேக்கையும் இணைக்கும் கம்பியான பிரேக் ராடின் நட்டை இறுக்கிவிட்டார்கள். லேசாக மிதித்தாலே பிரேக் பிடித்தது, பார்க்க எல்லாம் சரியாகத் தெரிந்தது. ஆனால் பிரேக் ஷூ டிரம்மை ஓயாமல் உரசிக்கொண்டிருந்தது. விளக்கு அணையாததற்குக் காரணம் வேறு: பிரேக் சுவிட்சின் ஸ்பிரிங், புதுக் குழாயைத் தாங்கும் பட்டையில் சிக்கி இழுபட்டு நின்றது.

சைலன்சர் மாற்றுகிறவர்கள் எல்லோரும் இன்ஜினைப் பற்றியே பேசுவார்கள். மைலேஜ், பிக்கப், சத்தம் என்று பேச்சு போகும். வலது காலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நம் ஊரில் ஓடும் பெரும்பாலான வண்டிகளில் சைலன்சர், பின்பிரேக் பெடல், பிரேக் சுவிட்ச், கிக்கர் எல்லாம் ஒரே பக்கத்தில், ஒரு சாண் இடத்துக்குள் குடியிருக்கின்றன. அதில் ஒன்றை மாற்றினால் மற்றவற்றுக்கு இடம் போதுமா என்று பார்த்தாக வேண்டும். முதல்முறையாக இதைச் செய்கிறவர்களுக்காக, நான் சூடுபட்டுக் கற்றுக்கொண்ட வரிசையில் சொல்கிறேன்.

வாங்குவதற்கு முன் ஒரு கசப்பான பத்தி

சட்டத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. 2019-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் வரை உரிமையாளருக்கு அபராதம் விதிக்கலாம்; ஆறு மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு. ஒலி, புகை அளவை மீறினால் 190(2) பிரிவின்படி முதல்முறைக்கே 10,000 ரூபாய் வரை போகும், ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதம் முடங்கும். 80 சிசிக்கு மேல் 175 சிசி வரையுள்ள பைக்குகளுக்கு ஒலி வரம்பு 77 டெசிபல், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 80. உள்ளே இருக்கும் ஒலித்தடுப்பானைக் கழற்றிவிட்டு வெறும் குழாயாக ஓட்டினால் இந்த அளவுக்குள் நிற்கவே நிற்காது. பனகல் சாலையில் இராஜாஜி அரசு மருத்துவமனையைக் கடந்து போகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி.

எனவே ஒலித்தடுப்பானோடும், உங்கள் வண்டியின் மாடலுக்கென்றே தயாரானதாகவும் உள்ள சைலன்சரையே வாங்குங்கள். "எல்லா வண்டிக்கும் பொருந்தும்" என்று எழுதியிருந்தால், எந்த வண்டிக்கும் ஒழுங்காகப் பொருந்தாது என்று படித்துக்கொள்ளுங்கள். பழைய சைலன்சரை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சாக்கில் சுற்றிப் பரணில் வையுங்கள். தகுதிச் சான்று புதுப்பிக்கும் நாளில் அதைத் தேடுவீர்கள்.

கழற்றுவதற்கு முன் அளந்துவையுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். பழைய சைலன்சர் இருக்கும்போதே, வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி நான்கு அளவுகளைச் சுவரில் கரியாலாவது எழுதிவையுங்கள்.

ஒன்று, ஃபுட்ரெஸ்ட்டின் மேல்பரப்பிலிருந்து பிரேக் பெடலின் மிதிபலகை எவ்வளவு கீழே அல்லது மேலே இருக்கிறது. இரண்டு, பெடலின் வெற்று அசைவு. பட்டறையில் இதைப் 'பிளே' என்பார்கள்: கையால் அழுத்தத் தொடங்கி, பிரேக் பிடிக்கத் தொடங்கும் வரை பெடல் சும்மா இறங்கும் தூரம். மூன்று, பிரேக் ராடின் நுனியில் நட்டுக்கு வெளியே தெரியும் மரையின் நீளம். நான்கு, கிளட்ச் லீவரின் பிளே. கூடவே வலப்பக்கத்தை மூன்று நான்கு கோணங்களில் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஸ்பிரிங் எந்தத் துளையில் மாட்டியிருந்தது என்பது கழற்றிய ஐந்தாவது நிமிடம் மறந்துபோகும்.

வேலையை முழுக்க ஆறிய வண்டியில்தான் தொடங்க வேண்டும். மதுரை வெயிலில் வெளியே நின்ற வண்டி, இன்ஜின் ஓடாமலேயே கையைச் சுடும். சிறிது நேரத்துக்கு முன் ஓடிய வண்டியின் பெண்ட் பைப்பை, அதாவது இன்ஜினிலிருந்து வளைந்து வரும் முன்குழாயை, தொட்டால் தோல் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். இரவு நிறுத்தி, காலையில் வேலையை ஆரம்பிப்பதே நல்லது. 8, 10, 12, 14 ரிங் ஸ்பேனர்கள், ஒரு கட்டிங் பிளேயர், ஒரு ஸ்கேல், துருவை இளக்கும் எண்ணெய் ஆகியவை போதும். இன்ஜின் தலையில் சைலன்சரைப் பிடித்திருக்கும் நட்டுகளுக்கு முந்தைய இரவே எண்ணெய் விட்டுவையுங்கள். அவசரப்பட்டு முறுக்கி, நட்டு ஏறும் மரைக்கம்பியான ஸ்டட்டை உடைத்தால், ஒரு மணி நேர வேலை லேத் பட்டறையில் ஒரு நாள் காத்திருப்பில் முடியும்.

மாட்டும்போது

சைலன்சர் இன்ஜினோடு சேரும் இடத்தில் ஒரு வளையம் இருக்கும். பட்டறைகளில் அதைப் பேக்கிங் என்பார்கள். பழைய பேக்கிங் ஏற்கெனவே நசுங்கி உருமாறியிருக்கும்; அதையே மீண்டும் போடாதீர்கள். விலை சொற்பம். அங்கே கசிவு இருந்தால் ஆக்சிலரேட்டரை விடும்போதெல்லாம் பட்பட்டென்று வெடிக்கும். கார்புரேட்டரில் கோளாறு என்று நினைத்து வாரக்கணக்கில் அதை நோண்டியவர்களை எனக்குத் தெரியும்.

எல்லா நட்டுகளையும் முதலில் விரலால் மட்டும் ஏற்றுங்கள். குழாய் தன் இயல்பான இடத்தில் தொங்கட்டும். பிறகு இன்ஜின் பக்க நட்டுகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள், அடுத்து நடுவில் உள்ள கிளாம்ப், கடைசியில் பின்பக்கத் தாங்கி. பின்தாங்கியின் துளை ஓரிரு மில்லிமீட்டர் விலகியிருந்தால் குழாயைக் கையால் நெம்பி இழுத்து போல்ட் போடாதீர்கள். அந்த இறுக்கத்தைப் பின்தாங்கி ஏற்றுக்கொள்ளாது, இரண்டு மாதத்தில் வெல்டிங்கில் விரிசல் விடும். இடைவெளிக்கு ஏற்ற கனத்தில் வாஷர் வையுங்கள்.

மாவு உருண்டைச் சோதனை

இப்போது பெடலுக்கும் குழாய்க்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். எட்டிப் பார்த்தால் கண்ணுக்கு இடம் இருப்பது போல்தான் தெரியும். பெடல் கீழே இறங்கும்போது கொஞ்சம் உள்பக்கமாகவும் சாயும், பழைய வண்டியில் பெடலின் அச்சில் உள்ள புஷ் வளையம் தேய்ந்திருந்தால் ஆட்டமும் சேரும்.

ஆரப்பாளையத்தில் நான் வழக்கமாகப் போகும் பட்டறையின் அண்ணன் சொல்லிக்கொடுத்த வழி இது. சப்பாத்திக்குப் பிசைந்த மாவில் ஓர் எலுமிச்சை அளவு உருண்டை எடுத்துக்கொள்ளுங்கள். பெடலுக்குக் கீழே, குழாய் நெருங்கி வரும் இடத்தில் ஒட்டிவையுங்கள். சூடான குழாயில் வைத்தால் வெந்துவிடும் என்பதால் இதற்கும் ஆறிய வண்டிதான் வேண்டும். பிறகு வண்டியில் ஏறி உட்கார்ந்து, அவசரத்துக்கு மிதிப்பதுபோல் பெடலை முழு பலத்தோடு மிதியுங்கள். இறங்கி மாவைப் பாருங்கள். நசுங்கிய மாவின் மிக மெலிந்த இடத்தில் தீக்குச்சியைக் குத்தி ஆழத்தை அளந்தால், முழுதாக மிதித்தபோது மிஞ்சிய இடைவெளி தெரிந்துவிடும்.

என் வண்டியில் முதல்முறை செய்தபோது மாவில் ஓட்டையே விழுந்திருந்தது. குழாயின் பளபளப்பு அதன் வழியே தெரிந்தது. அடுப்படியிலிருந்து வந்து பார்த்த அம்மா, "வண்டிக்கும் சப்பாத்தியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

குறைந்தது 10 மி.மீ. மிஞ்ச வேண்டும் என்பது என் கணக்கு. பிரேக் ஷூ தேயத் தேயப் பெடல் இன்னும் கீழே இறங்கும் என்பதையும் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறேன். இன்று 3 மி.மீ. இருந்து இடிக்காத பெடல், நான்கு மாதம் கழித்து ஒரு மாடு குறுக்கே வரும் நேரத்தில் இடிக்கும்.

இதே சோதனையை வேறு சில இடங்களிலும் செய்துவிடுங்கள். கிக்கர் வலப்பக்கம் இருந்தால் அதை முழுதாகக் கீழே இறக்கிப் பாருங்கள். சென்டர் ஸ்டாண்டை மேலே மடக்கிப் பாருங்கள். பல வண்டிகளில் ஸ்டாண்டு போய் முட்டி நிற்கும் ரப்பர், பழைய சைலன்சரில்தான் பொருத்தப்பட்டிருக்கும். புதுக் குழாயில் அது இல்லையென்றால் ஸ்டாண்டு அளவுக்கு மேல் எழும்பிச் செயினையோ, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மையோ தட்டும். பிறகு இரண்டு பேரைப் பின்னால் உட்காரவைத்து நன்றாக அழுத்தச் சொல்லுங்கள். ஸ்விங் ஆர்மும் ஆக்சில் நட்டும் குழாயைத் தொடக் கூடாது. தொட்டால் வேகத்தடை ஒவ்வொன்றிலும் டணார் என்று கேட்கும். நம் ஊரில் வேகத்தடைக்கா பஞ்சம்?

உயரம், பிளே, விளக்கு

இந்த மூன்றையும் இதே வரிசையில்தான் செய்ய வேண்டும். ஒன்றை மாற்றினால் அடுத்தது தானாக மாறிவிடும் என்பதால் வரிசை தலைகீழானால் எல்லா வேலையையும் இரண்டு முறை செய்ய நேரும். என் வண்டியில் நடந்ததைப்போல் நடுவில் உள்ளதை மட்டும் தொட்டுவிட்டு விட்டால் டிரம் தோசைக்கல்லாகும்.

உயரத்திலிருந்து தொடங்குவோம். பெடலின் அச்சுக்கு அருகே ஒரு சிறிய போல்ட்டும் லாக் நட்டும் இருக்கும். ஓய்வாக இருக்கும்போது பெடல் அதில் முட்டி நிற்கும். லாக் நட்டைத் தளர்த்தி, போல்ட்டைக் கால் சுற்றாகத் திருப்பிப் பெடல் ஏறுகிறதா இறங்குகிறதா என்று கண்ணால் பாருங்கள். அடுத்து வரும் பிளேயையும் சரிசெய்தபின் மாவு 10 மி.மீ. காட்டும் அளவுக்கு ஏற்றுங்கள், அதற்கு மேல் வேண்டாம். அதிகம் உயர்த்தினால் ஒவ்வொரு முறையும் குதிகாலை ஃபுட்ரெஸ்ட்டிலிருந்து தூக்கித்தான் மிதிக்க வேண்டியிருக்கும். அவசரத்தில் அந்த நொடி கிடைக்காது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 14 மீட்டர் ஓடிவிடும்.

சரியான உயரத்தைக் காலே சொல்லும். வழக்கமாக நீங்கள் போடும் காலணியோடு வண்டியில் உட்காருங்கள். பாதத்தின் நடுப்பகுதி ஃபுட்ரெஸ்ட்டில் இருக்க, கால்விரல்கள் பெடலுக்கு மேல் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். கணுக்காலைக் கீழே சாய்த்தாலே பிரேக் பிடிக்க வேண்டும், முழங்கால் அசையக் கூடாது. அலுவலகத்துக்கு ஷூ, கடைத்தெருவுக்குச் செருப்பு என்று மாற்றிப் போடுகிறவர்கள் இரண்டிலும் உட்கார்ந்து பாருங்கள். கனத்த அடிப்பாகம் கொண்ட ஷூ, உங்களுக்குத் தெரியாமலேயே பெடல்மேல் சாய்ந்துகொண்டிருக்கும்.

சில வண்டிகளில் இந்த போல்ட்டே இருக்காது. அப்போது பெடலை விட்டுவிட்டுக் குழாயைத்தான் நகர்த்த வேண்டும். பின்தாங்கியில் வாஷர் சேர்த்தோ கிளாம்ப்பைச் சற்றுத் திருப்பியோ பாருங்கள். "பெடலைச் சூடாக்கி வளைத்துத் தந்துவிடுகிறோம்" என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். உங்கள் முழு எடையையும் தாங்க வேண்டிய இரும்பு அது.

உயரம் முடிந்து லாக் நட்டை இறுக்கியபின் பிளே. பெடலை உயர்த்தியதால் பிளே இப்போது கூடியிருக்கும். பின்பக்கம் டிரம் பிரேக் உள்ள சாதாரணப் பயண வண்டிகளில் பெடல் நுனியில் 20 முதல் 30 மி.மீ. பிளே இருப்பது வழக்கம். உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள எண்ணே இறுதியானது. பிரேக் ராடின் நுனியில் உள்ள நட்டை அரைச் சுற்று அரைச் சுற்றாகத் திருப்புங்கள். நட்டில் ஒரு பள்ளம் இருக்கும். அது பிரேக் கையின் (டிரம்முக்கு வெளியே ராடு இழுக்கும் சிறு நெம்புகோல்) குமிழில் ஒவ்வொரு முறையும் சரியாக உட்கார வேண்டும், இல்லையென்றால் ஓடும்போது நட்டு இடம் மாறி அளவு கலைந்துவிடும். பிறகு சென்டர் ஸ்டாண்டில், நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டுக் காதைக் கொடுங்கள். செயினின் ஓசை மட்டும் கேட்டால் சரி. சர்சர்ரென்று உரசல் கேட்டால் நட்டைத் தளர்த்துங்கள். பிரேக் கையில் தேய்மானம் காட்டும் அம்புக்குறி இருக்கும். பிரேக்கை முழுதாகப் பிடிக்கும்போதே அது எல்லைக்கோட்டைத் தொட்டுவிட்டால் நட்டோடு போராடிப் பயனில்லை, ஷூ மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

பின்பக்கம் டிஸ்க் பிரேக் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அங்கே ராடுக்குப் பதில் ஒரு சிறு தள்ளுகம்பி, மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளுகிறது. பெடல் ஓய்வில் இருக்கும்போது அந்தக் கம்பிக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளியாவது இருந்தாக வேண்டும். பெடல் உயரத்தைச் சரிசெய்கிறேன் என்று அந்தக் கம்பியை நீட்டி இடைவெளியை அடைத்துவிட்டால், சிலிண்டருக்குள் எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும் சிறுதுளை மூடிக்கொள்ளும். ஓட ஓடச் சூடேறிப் பெருகும் எண்ணெய்க்குப் போக இடமில்லாமல் பிரேக் தானாக இறுகிக்கொண்டே வரும், சக்கரம் பூட்டிக்கொள்ளும் அளவுக்குப் போகலாம். வீட்டுவாசலில் சுழற்றிப் பார்க்கும்போது இந்தக் கோளாறு தெரியவே தெரியாது. பத்து கிலோமீட்டர் தாண்டித்தான் முகத்தைக் காட்டும். முதல்முறை செய்கிறவர்கள் டிஸ்க் பிரேக்கின் தள்ளுகம்பியைத் தொடாமல், அதை மட்டும் நல்ல மெக்கானிக்கிடம் விட்டுவிடுவது நல்லது. பிரேக் எண்ணெய் செல்லும் ஹோஸ் புதுக் குழாயை எங்கும் உரசவில்லை, அதன் அனலிலும் நிற்கவில்லை என்பதை மட்டும் நீங்களே உறுதி செய்யுங்கள்.

கடைசியாக விளக்கு. பெடலுக்கு மேலே ஃப்ரேமில் விரல் பருமனில் ஒரு சுவிட்ச் இருக்கும், அதிலிருந்து மெல்லிய ஸ்பிரிங் ஒன்று பெடலுக்கு வரும். ஸ்பிரிங் எதிலும் சிக்காமல் நேராக ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு சாவியைத் திருப்பி, பெடலைக் கையால் மெல்ல அழுத்துங்கள். பிரேக் பிடிக்கத் தொடங்குவதற்குச் சற்று முன்பே விளக்கு எரிய வேண்டும், கையை விட்டதும் அணைய வேண்டும். தாமதமாக எரிந்தால், சுவிட்சின் உடலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அதைச் சுற்றியுள்ள நட்டை மட்டும் திருப்பிச் சுவிட்சை மேலே ஏற்றுங்கள். உடலைத் திருப்பினால் உள்ளே ஒயர் முறுக்கி அறுந்துபோகும்.

கிளட்ச், ஆக்சிலரேட்டர், கியர்

கியர் லீவர் பெரும்பாலும் இடப்பக்கம் இருப்பதால் அதற்கு வேலை வராது. குழாய் இன்ஜினுக்கு அடியில் போகும் அமைப்பிலோ, இரு பக்கமும் குழாய் உள்ள வண்டியிலோ மட்டும் லீவரை மேலும் கீழுமாகத் தட்டி எங்கும் இடிக்கவில்லையென்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளட்ச் கேபிளைப் பலர் மறக்கிறார்கள். நிறைய வண்டிகளில் அது இன்ஜினின் வலப்பக்க மூடிக்கு, பெண்ட் பைப்பின் அருகாகத்தான் இறங்கி வருகிறது. புதுக் குழாயின் வளைவு ஓர் அங்குலம் தள்ளியிருந்தாலும் கேபிள் அதன்மேல் சாய்ந்துவிடும். மேலுறை இளகி, உள்ளே கம்பி இறுகி, கிளட்ச் கனக்கத் தொடங்கும். அறுந்துபோகும்போது நிச்சயம் மாசி வீதியின் நெரிசலில்தான் அறுந்துபோகும், வேறெங்கும் அறுந்துபோகாது. கேபிளைப் பழைய கொக்கிக்குள்ளேயே விட்டு, குழாயிலிருந்து இரண்டு விரல் தள்ளி நிறுத்துங்கள். பாதை மாறினால் பிளேயும் மாறும். பயண வண்டிகளில் கிளட்ச் லீவர் நுனியில் 10 முதல் 20 மி.மீ. என்பது பரவலான அளவு. கனத்த பைக்குகள் சிலவற்றில் 2, 3 மி.மீ. மட்டுமே. அது அறவே இல்லையென்றால் கிளட்ச் தட்டுகள் நழுவும். அதிகமிருந்தால் முதல் கியர் விழும்போது வண்டி குதிக்கும். கைப்பிடியருகே உள்ள திருகில் சிறு மாற்றத்தையும், கேபிளின் கீழ்முனை நட்டில் பெரிய மாற்றத்தையும் செய்யுங்கள்.

ஆக்சிலரேட்டருக்கும் சைலன்சருக்கும் நேரடித் தொடர்பில்லை. ஆனால் கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டை மாற்றியிருந்தால், கேபிளைக் கழற்றித்தான் மாற்றியிருப்பார்கள். பிடியில் 2 முதல் 6 மி.மீ. வெற்றுச் சுழற்சி இருக்கிறதா, முறுக்கி விட்டதும் டக்கென்று திரும்புகிறதா என்று பாருங்கள். பிறகு இன்ஜினை ஓடவிட்டு ஹேண்டில்பாரை இடக்கோடி, வலக்கோடி இரண்டுக்கும் திருப்புங்கள். திருப்பும்போது இன்ஜின் சத்தம் ஏறினால் கேபிள் எங்கோ இழுபடுகிறது. யூ திருப்பத்தில் வண்டி தானாகப் பாய்ந்தால் என்னாகும் என்று நினைத்துக்கொண்டு, அதைச் சரிசெய்யாமல் வெளியே எடுக்காதீர்கள்.

இன்ஜினைப் பற்றிக் கொஞ்சம் மட்டும்

காற்றும் பெட்ரோலும் கலக்கும் அளவை மாற்றும் மிக்சர் ஸ்க்ரூவைத் திருப்புவதுதான் எல்லோருக்கும் பிடித்த வேலை. பின்பக்கக் குழாயை மட்டும் மாற்றி, ஒலித்தடுப்பானும் உள்ளே இருந்தால் பெரும்பாலும் அதற்குத் தேவையே இருக்காது. கார்புரேட்டரின் இன்ஜின் பக்கத்தில் உள்ள ஸ்க்ரூ பெட்ரோலைக் கட்டுப்படுத்துவது. வெளியே திருப்பினால் பெட்ரோல் கூடும். ஏர் ஃபில்டர் பக்கத்தில் இருந்தால் அது காற்றுக்கானது. அதை உள்ளே திருப்பினால்தான் கலவை செறிவாகும். இந்த வித்தியாசம் தெரியாமல் திருப்பியவர்களால்தான் பாதிப் பட்டறைகள் ஓடுகின்றன. தொடுவதற்கு முன், எத்தனை சுற்றில் முழுதாக உள்ளே போகிறது என்று எண்ணி எழுதிவையுங்கள்.

2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிஎஸ்6 புகைக் கட்டுப்பாட்டுத் தரத்தில் உள்ள வண்டிகளில் பெரும்பாலும் திருப்புவதற்கு ஸ்க்ரூவும் இல்லை. அவற்றின் குழாயில் ஆக்சிஜன் சென்சார் ஒன்று திருகப்பட்டிருக்கும். புதுக் குழாயில் அதற்கான துளையும் சரியான மரையும் இருந்தாக வேண்டும். சென்சாரை ஒயரோடு தொங்கவிட்டு ஓட்டினால் மீட்டரில் மஞ்சள் விளக்கு எரியும், பெட்ரோலும் கண்டபடி போகும்.

ஓட்டிப் பார்த்தல்

முதல் ஓட்டம் தெருவுக்குள்ளேயே இருக்கட்டும். நடக்கும் வேகத்தில் பின்பிரேக்கை மட்டும் ஐந்தாறு முறை பிடியுங்கள். அடுத்து, போக்குவரத்து குறைந்த அதிகாலையில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போய் வாருங்கள். சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளை அன்றே பார்த்துவிடும் ஆசை வேண்டாம். அது அடுத்த வாரத்துக்கு. வலப்பக்கம் திரும்பும்போது குழாய் தரையில் உரசுகிறதா என்று தட்டையான சாலையிலேயே தெரிந்துகொள்ளுங்கள். பின்னால் யாரையாவது ஏற்றிப் போனால் அவருடைய வலது பாதம் குழாயிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று கேளுங்கள். சேலைத் தலைப்பு, துப்பட்டா, வேட்டி நுனி எல்லாம் காற்றில் எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாது; பெண்ட் பைப்புக்கு வெப்பத் தடுப்புத் தகடு இல்லையென்றால் வாங்கிப் போடுங்கள்.

வந்து நிறுத்தியதும் கையைப் பின் டிரம்முக்கு அருகே கொண்டுபோங்கள், தொடாதீர்கள். அனல் அடித்தால் பிளே போதவில்லை. வண்டி முழுதாக ஆறியபின் எல்லா நட்டுகளையும் ஒருமுறை இறுக்குங்கள், 100 கிலோமீட்டரில் இன்னொரு முறை. சூடேறி ஆறும்போது பேக்கிங் அமுங்கும், நட்டு தளரும். செயினை இறுக்கச் சக்கரத்தைப் பின்னால் நகர்த்தும்போதெல்லாம் டிரம் பிரேக்கின் பிளே குறைந்துவிடும் என்பதையும் ராடு நட்டைப் பார்க்கும் வழக்கத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் வண்டியில் இத்தனையும் செய்து முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆனது. அடுத்த ஞாயிறு காலை அதே சாலையில் அழகர்கோவில் வரை போனேன். கோட்டைவாசலுக்கு வெளியே நிறுத்தி, பாட்டிலைத் திறந்து டிரம்மில் தண்ணீர் தெளித்தேன். சொட்டுச் சொட்டாகக் கீழே மண்ணில் விழுந்தது.